மவுண்டன் பைக் வாங்குமுன்: ஒரு சைக்கிளுக்குள் ஒளிந்திருக்கும் அளவுகள்

சென்ற மாரி முடிந்த கையோடு, மட்டக்களப்பு மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு வயல் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். வெள்ளம் வடிந்து சேறு இறுகத் தொடங்கியிருந்த நேரம். எங்கிருந்தோ ஒரு காய்ந்த குச்சி பின்சில்லுக்குள் புகுந்தது. டக் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பின்கியர் செயினோடு சேர்ந்து தொங்குகிறது. உடைந்தது கியர் இல்லை. கியரைச் சட்டத்தோடு, அதாவது சைக்கிளின் ஃபிரேமோடு பிடித்து வைத்திருக்கும், கட்டைவிரல் நீளம்கூட வராத ஒரு அலுமினியத் துண்டு. அதற்கு ஹாங்கர் என்று பெயர். அவ்வழியே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர் சைக்கிளைப் பெட்டியில் ஏற்றிப் பாலம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

கனடாவில் இருக்கும் மாமா தான் ஓடிய சைக்கிளைக் கப்பல் பார்சலில் அனுப்பியிருந்தார். 2017 ஆம் ஆண்டு மொடல். நல்ல சட்டம், நல்ல பிறேக், மணல் பாதையிலும் சறுக்காமல் போகும். ஆனால் அந்தச் சின்னத் துண்டுக்காக நான்கு மாதம் வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து கிடந்தது. மட்டக்களப்பில் தேடினேன், கல்முனையில் தேடினேன், கொழும்பில் உள்ள கடைகளுக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒரு ஹாங்கர் காட்டினார்கள். ஒன்றில் துளை தள்ளி இருந்தது, ஒன்றில் வளைவு மாறி இருந்தது. தயாரித்த நிறுவனத்துக்கே எழுதினேன். அந்த மொடலுக்கு உரிய துண்டை இப்போது வைத்திருப்பதில்லை என்று பதில் வந்தது.

கல்லடியில் நான் வழமையாகப் போகும் திருத்தும் கடை ஐயாவிடம் காட்டியபோது, உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மனே, லுமாலா சைக்கிள் எண்டா இந்தப் பெட்டிக்குள்ளயே எல்லாம் கிடக்கு. இது எண்டா, இதே மாதிரி இன்னொண்டு வேணும், வேற ஒண்டும் சேராது" என்றார். மவுண்டன் பைக் ஓடுகிறவர்கள் உலகம் முழுவதும் சொல்லும் முறைப்பாடு இதுதான். அந்த நான்கு மாதத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டதை, புதிதாக ஒன்று வாங்க நினைக்கும் ஒருவருக்கு விளங்கும்படி எழுதுகிறேன்.

ஸ்டாண்டர்ட் என்றால் என்ன

ஒரு பொருளைச் செய்கிறவர்கள் பலராக இருந்தாலும், ஒன்றோடு ஒன்று பொருந்தும் இடத்தின் அளவு மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் அதைத்தான் ஸ்டாண்டர்ட், அதாவது பொது அளவு என்கிறோம். மின்குமிழைக் கழற்றி வேறொரு நிறுவனத்தின் குமிழைப் போட முடிவது அதனால்தான்.

சைக்கிளிலும் உண்மையான பொது அளவுகள் உண்டு. செயினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரைக்கும் அரை அங்குலம், 12.7 மில்லிமீற்றர். அப்பப்பாவின் சைக்கிளிலும் அதுதான், பல இலட்ச ரூபாய்ச் சைக்கிளிலும் அதுதான். நூறு வருடத்துக்கு மேலாக மாறவில்லை. பெடல் இன்னொரு நல்ல உதாரணம். பெரியவர்கள் ஓடும் சைக்கிள்களில் பெரும்பாலும் பெடல் புரி 9/16 அங்குலம். இடதுபக்கப் பெடலுக்கு மட்டும் புரி எதிர்ப்பக்கம் சுற்றும். அதனால் பெடல் உடைந்தால் பயமில்லை, எந்தக் கடையிலும் வாங்கிப் பூட்டலாம்.

மவுண்டன் பைக்கில் இப்படிச் சொல்லக்கூடிய இடங்கள் குறைவு. மற்ற இடங்களில் எல்லாம் ஸ்டாண்டர்ட் என்ற சொல் இருக்கும், ஆனால் ஒரே இடத்துக்கு ஐந்தாறு ஸ்டாண்டர்ட் இருக்கும். ஐந்தாறு இருந்தால் அது எப்படிப் பொது அளவாகும் என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஓடுகிறவர்களின் கோபம் தொடங்குவதும் அந்தக் கேள்வியில்தான்.

கிடைத்ததைப் பூட்டிப் பிறந்த சைக்கிள்

இந்தக் கோபத்தை விளங்கிக்கொள்ள மவுண்டன் பைக் பிறந்த கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் என்ற மாவட்டத்தில், சில இளைஞர்கள் பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களைத் தேடி எடுத்து மலையிலிருந்து இறக்கி ஓடினார்கள். அவை 1930களிலும் 40களிலும் செய்யப்பட்டவை. பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிறேக்தான் அவற்றில் இருந்தது. ஒரு தடவை மலை இறங்கினாலே சில்லின் நடுவிலுள்ள ஹப்புக்குள் இருந்த கிறீஸ் சூடேறிப் புகைந்து போய்விடும். மறுபடி கிறீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே 1976இல் தொடங்கிய அவர்களின் பந்தயப் பாதைக்கு, மறுபடி அடைப்பது என்ற பொருளில் ரீபேக் என்று பெயர் வந்தது. மோட்டார் சைக்கிளின் பிறேக் கைப்பிடி, தூரப் பயணச் சைக்கிளின் கியர் என்று கையில் அகப்பட்டதை எல்லாம் பூட்டினார்கள். ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே புதிதாக ஒரு சட்டம் செய்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் ஒரு சின்ன வியாபாரம் தொடங்கினார்கள். டொம் ரிட்சி சட்டங்கள் செய்து கொடுத்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் பெருந்தொகையில் தயாரித்து விற்கத் தொடங்கியது.

ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தியதால் மட்டுமே இந்தச் சைக்கிள் பிறக்க முடிந்தது. கல்லடி ஐயாவின் பெட்டிக்குள் இருக்கும் சாமான்களைப் போன்றவற்றில் இருந்துதான் அது உருவானது. அதே சைக்கிள் இன்று அந்தப் பெட்டிக்குச் சம்பந்தமில்லாத பொருளாகிவிட்டது என்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தரும் விஷயம்.

சில்லின் அளவு: 28ஐ விடச் சிறிய 29

முதலில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். சில்லுக்குச் சொல்லும் அங்குலக் கணக்கு, ரயரின் வெளிவிளிம்புக்கு ஏறத்தாழச் சொன்ன பழைய கணக்கு. ரயர் பொருந்துவது ரிம்மில். ஆகவே எங்களுக்குத் தேவையானது ரிம்மில் ரயர் உட்காரும் இடத்தின் விட்டம். அது மில்லிமீற்றரில் ரயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். 54-622 என்று இருந்தால் ரயரின் அகலம் 54, உட்காரும் விட்டம் 622.

மவுண்டன் பைக்கில் 26 அங்குலம் என்றால் 559. 27.5 என்றால் 584. 29 என்றால் 622. எங்கள் ஊரில் இன்னும் ஓடும் உயரமான பழைய சைக்கிளில் 28 x 1½ என்று எழுதியிருந்தால் அது 635. அதாவது 28 என்று பெயர் வைத்த ரிம், 29 என்று பெயர் வைத்த ரிம்மை விட 13 மில்லிமீற்றர் பெரியது. அதேபோல 26 x 1⅜ என்று எழுதிய ரயர் 590. மவுண்டன் பைக்கின் 26க்கும் அதற்கும் 31 மில்லிமீற்றர் வித்தியாசம். இரண்டும் 26தான், ஒன்றுக்கு மற்றது சேராது. கடைக்குப் போய் "இருபத்தாறு ரயர் ஒண்டு தாங்க" என்று கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து பூட்ட முடியாமல் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அங்குலத்தை விட்டுவிட்டு அந்த மூன்று இலக்கத்தைக் கேளுங்கள்.

மவுண்டன் பைக் தொடங்கிய நாளிலிருந்து 2010 வரைக்கும் 26தான் பிரதானம். அதற்குப் பிறகு சில வருடங்களுக்குள், 2013, 2014 அளவில், பெரிய நிறுவனங்கள் 27.5க்கும் 29க்கும் மாறிவிட்டன. 29 சில்லு கல்லையும் குழியையும் லேசாக ஏறிக் கடக்கும் என்பது உண்மை, நானே அனுபவித்தது. ஆனால் நல்ல 26 சில்லு வைத்திருந்தவர்களுக்கு நல்ல ரயரும், முன்சில்லைப் பிடித்திருக்கும் நல்ல முன்ஃபோர்க்கும் விற்பனைப் பட்டியல்களில் இருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சைக்கிளில் ஒரு பழுதும் இல்லை. அதற்கு உரிய சாமான்தான் இல்லை. இடையில் 27.5 சில்லில் மிகத் தடித்த ரயர் போடும் பிளஸ் என்ற பாணி ஒன்று வந்து, அதுவும் சில வருடங்களில் ஒதுங்கிவிட்டது. இப்போது முன்னால் 29, பின்னால் 27.5 போடுகிறவர்களும் உண்டு.

ஆறு மில்லிமீற்றர்

அச்சின் கதை இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது. பின்சில்லின் ஹப், சட்டத்தின் இரண்டு கால்களுக்கு நடுவே உட்காருகிறது. அந்த இடைவெளி பல காலம் 135 மில்லிமீற்றர். ஒரு கைப்பிடியைத் திருப்பினால் சில்லு கழரும். டிஸ்க் பிறேக் வந்து, சைக்கிள்கள் வேகமாக மலையிறங்கத் தொடங்கியதும், மெல்லிய அச்சு போதவில்லை. சட்டத்துக்குள்ளால் ஊடுருவிப் போய்த் திருகும் 12 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள த்ரூ ஆக்சில் வந்தது. இடைவெளி 142 ஆனது. இது நல்ல மாற்றம். ஹப்பின் உட்புறம் பழைய 135இல் இருந்தது போலவே இருந்ததால், பல ஹப்களின் இரண்டு முனை மூடிகளையும் மாற்றிப் பழையதைப் புதியதாக்க முடிந்தது. பழையதை வைத்திருந்தவரைக் கைவிடாமல் செய்த மாற்றம் என்று இதைச் சொல்லலாம்.

2014 அளவில் 148 வந்தது. பூஸ்ட் என்று பெயர். 142க்கும் 148க்கும் வித்தியாசம் ஆறு மில்லிமீற்றர், ஒரு பென்சிலின் தடிப்புக்கூட இல்லை. 29 அங்குலச் சில்லின் கம்பிகள் நீளமானவை, அதனால் சில்லு பக்கவாட்டில் சற்று நெகிழும். ஹப்பின் இரண்டு விளிம்புகளையும் விலக்கி வைத்தால் கம்பிகள் அகலமாக விரிந்து சில்லு உறுதியாகும். கூடாரத்தின் கயிறுகளைத் தள்ளி அடித்தால் அது அசையாமல் நிற்பது போல. காரணம் பிழையில்லை. ஆனால் அந்த ஆறு மில்லிமீற்றருக்காகப் பின்ஹப், சட்டம், முன்னாலிருக்கும் பற்சில்லின் தள்ளல் எல்லாம் மாறின. முன்சில்லும் 100இலிருந்து 110க்குப் போனது. 142 அளவில் விலையுயர்ந்த சில்லுச் சோடி வாங்கி வைத்திருந்தவர், புதுச் சட்டம் வாங்கியபோது அந்தச் சில்லுகளை நேரடியாகப் பூட்ட முடியவில்லை. அப்புறம் 157 அளவிலும் சில சட்டங்கள் வந்தன.

ஓடுகிறவர்கள் எல்லோரும் மாற்றத்தையே வெறுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். டிஸ்க் பிறேக்கை யாரும் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. ஓடும்போதே ஒரு பொத்தானை அழுத்தி இருக்கையை இறக்கும் டிரொப்பர் போஸ்டையும் அப்படித்தான். அவை தரும் பயனை உடம்பே உணர்கிறது. ஆறு மில்லிமீற்றர் தரும் உறுதியைப் பந்தய வீரர் ஒருவர் உணரலாம். கிழமைக்கு ஒருமுறை வயல் பாதையில் ஓடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அவரும் அதற்கான விலையைக் கொடுக்கிறார். என் மனதில் இருக்கும் முறைப்பாடு இவ்வளவுதான்.

மிதிக்கும் இடத்தில் முனகல்

இரண்டு பெடல் தண்டுகளும் சுழலும் நடு இடத்துக்குப் பொட்டம் பிராக்கெட் என்று பெயர். பழைய சைக்கிளில் கொட்டர்பின் அடித்திருப்பார்களே, அந்த இடம். இங்கே பெயர் பெற்ற பழைய அளவு பிஎஸ்ஏ. அது பர்மிங்காம் ஸ்மோல் ஆர்ம்ஸ், துப்பாக்கி செய்யத் தொடங்கிப் பிறகு சைக்கிளும் செய்த ஆங்கிலேய நிறுவனம். 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. திருகினால் பூட்டும், எதிர்ப்பக்கம் திருகினால் கழரும். கருவி சரியாக இருந்தால் எந்தத் திருத்துநரும் செய்வார்.

பிறகு புரி வேண்டாம், பெயரிங்கை நேரே சட்டத்துக்குள் அழுத்திச் செருகிவிடலாம் என்ற யோசனை வந்தது. கார்பன் சட்டத்தில் புரி வெட்டத் தேவையில்லை, பாரம் குறையும், தொழிற்சாலையில் வேலையும் குறையும். ஆனால் துளையின் அளவு நூலிழை தப்பினாலும், மிதிக்க மிதிக்கக் கிறீச் கிறீச் என்று முனகும். அழுத்திச் செருகும் வகையிலேயே பிபி30, பிஎஃப்30, பிபி92 என்று பல அளவுகள். ஓடுகிறவர்கள் இதைப் பற்றி முறையிட்டு முறையிட்டுக் கடைசியில் பல நிறுவனங்கள் புரிக்கே திரும்பின. 2015இல் டி47 என்று, அகலமான துளைக்கு ஏற்ற ஒரு புதிய புரி அளவும் வந்தது. வாடிக்கையாளர் விடாமல் சொன்னால் கேட்பார்கள் என்பதற்கு இது ஒரு சாட்சி. அதனால்தான் இதைப் பற்றி எழுதுவதும் வீண் இல்லை என்று நம்புகிறேன்.

எங்கள் ஊருக்கு இது இன்னும் முக்கியம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறோம். உப்புக்காற்று பெயரிங்கை விடாது. அடிக்கடி மாற்ற வேண்டிய ஒரு பாகத்தைக் கழற்றுவதற்கே விசேட அழுத்தும் கருவி வேண்டும் என்றால், கல்லடிக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் அக்கரைப்பற்றுக்கும் அது சரிவராது. இதே காரணத்துக்காகத்தான், பிறேக் குழாயைக் கைப்பிடிக்குக் கீழே இருக்கும் பெயரிங்குக்கு உள்ளால் கொண்டுபோகும் புதிய பாணியும் எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்க வடிவாக இருக்கிறது. ஆனால் அந்த மேல் பெயரிங் துருப்பிடித்தால், அதை மாற்றுவதற்குப் பிறேக் குழாயையே கழற்றி, எண்ணெய் நிரப்பி, காற்று எடுக்க வேண்டும்.

பின்பற்சில்லு, பிறேக் எண்ணெய், காற்று

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பின்பற்சில்லுகள் பொருந்தும் உருளைக்கு, கியரும் பிறேக்கும் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் பழைய அளவு எச்ஜி. அதில் 8, 9, 10 கியர்ப் பற்சில்லுகள் எல்லாம் போகும். மிகச் சிறிய பற்சில்லில் 11 பல்லுக்குப் பதிலாக 10 பல் வேண்டும் என்றபோது அந்த உருளை அதற்குத் தடிப்புக் கூடியதாக இருந்தது. அதற்காக, ஷிமானோவின் போட்டி நிறுவனமான ஸ்ராம் 2012இல் எக்ஸ்டி என்று ஒன்றும், ஷிமானோ 2018இல் மைக்ரோ ஸ்ப்லைன் என்று இன்னொன்றும் கொண்டுவந்தன. ஒன்றுக்குச் செய்தது மற்றதில் ஏறாது. ஆகவே கியரை மாற்ற நினைத்தால் முதலில் உங்கள் ஹப்பில் எந்த உருளை என்று பாருங்கள்.

எண்ணெயால் வேலை செய்யும் பிறேக்கில், ஸ்ராம் நெடுங்காலம் டொட் வகைத் திரவத்தையும் ஷிமானோ மினரல் எண்ணெயையும் பாவித்தன. டொட் திரவம் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். மினரல் எண்ணெயை எடுப்பித்துத்தான் வாங்க வேண்டும். கிடைக்கிறதே என்று ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றிவிடாதீர்கள். உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டு, பிறேக் பிடிக்காமல் போய்விடும். இது விலை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

காற்றடிக்கும் வால்கட்டையும் மூன்று விதம். எங்கள் பழைய சைக்கிளில் ரப்பர்க் குழாய் போட்டது ஒன்று. மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்தது இன்னொன்று; அது இருந்தால் எந்த ஒட்டுப்போடும் கடையிலும் காற்றடிக்கலாம். மூன்றாவது பிரெஸ்டா, மெல்லிய நீளமானது. உங்களிடம் பிரெஸ்டா இருந்தால், அதன் தலையில் திருகும் ஒரு சின்னப் பித்தளை அடப்டர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் வெல்லாவெளிப் பக்கம் போய்க் காற்றுப் போனால், பம்ப் இருந்தும் பயனில்லை.

அந்தச் சின்னத் துண்டு

திரும்ப ஹாங்கருக்கு வருகிறேன். அது வேண்டுமென்றே பலவீனமாகச் செய்யப்படும் பாகம். குச்சியோ கல்லோ கியரில் அடித்தால், விலையுயர்ந்த சட்டம் வளையாமல் அந்தத் துண்டு முறிந்து அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டு மின்சாரத்தில் பியூஸ் எரிவது போல. நல்ல யோசனைதான். ஆனால் பியூஸ் கம்பி எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதால்தான் அது நல்ல யோசனை. ஹாங்கரையோ ஒவ்வொரு நிறுவனமும், சில வேளை ஒவ்வொரு மொடலுக்கும், ஒவ்வொரு வடிவில் செய்தது. நூற்றுக்கணக்கான வடிவங்கள். முறியவென்றே செய்த பாகத்தை, முறிந்தால் கிடைக்காதபடி செய்திருந்தார்கள். இந்தத் தொழிலின் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான்.

2019இல் ஸ்ராம் யூடிஎச் என்ற பெயரில் எல்லோருக்கும் பொதுவான ஒரு ஹாங்கரை அறிமுகப்படுத்தி, மற்ற நிறுவனங்களும் கட்டணமில்லாமல் அதைப் பின்பற்ற விட்டது. புதிய மவுண்டன் பைக்குகள் பலவற்றில் இப்போது அதுதான். அப்படியானால் அது தர்ம காரியமா என்றால், முழுக்க அப்படியும் இல்லை. 2023இல் அதே நிறுவனம் ஹாங்கரே இல்லாமல் நேராகச் சட்டத்தில் பூட்டும் ஒரு புதிய கியரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைப் பூட்ட வேண்டுமானால் யூடிஎச் துளை உள்ள சட்டம்தான் வேண்டும். தன் சந்தைக்குத் தானே வழி வெட்டியிருக்கிறது. இருந்தாலும் அந்த வழியால் நாங்களும் நடக்கலாம். இனி வாங்குகிறவர்கள் யூடிஎச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள் என்று தயக்கமில்லாமல் சொல்வேன்.

ஏன் இப்படி மாறுகிறது

ஒரு காரணம், மேலே சொன்னது போல, உண்மையான பொறியியல். இன்னொரு காரணம் வியாபாரம் நடக்கும் விதம். மவுண்டன் பைக்கின் கியரும் பிறேக்கும் பெரும்பாலும் ஷிமானோ, ஸ்ராம் என்ற இரண்டு நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. அவர்களின் பெரிய வாடிக்கையாளர் நீங்களும் நானும் இல்லை, சைக்கிள் நிறுவனங்கள். ஒரு தொகுதியாக விற்கிறார்கள். அந்தத் தொகுதி ஒன்றுக்கொன்று பொருந்தினால் போதும். ஐந்து வருடத்துக்கு முந்தைய உங்கள் சில்லோடு பொருந்துகிறதா என்பது அந்தக் கணக்கில் வராது. சைக்கிளுக்கும் காரைப் போல வருட மொடல் உண்டு. ஒவ்வொரு வருடமும் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும். நன்றாகச் செய்த சைக்கிள் இருபது வருடம் ஓடும் என்பதுதான் விற்பவருக்குச் சிக்கல்.

2020, 2021இல் பெருந்தொற்றுக் காலத்தில் உலகம் முழுவதும் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. நிறுவனங்கள் அளவுக்கு மேல் தயாரித்தன. 2023 அளவில் களஞ்சியங்கள் நிரம்பி, வெளிநாடுகளில் பெரும் கழிவில் விற்றார்கள். அதற்கு நடுவே, 2022இல், இங்கே நாங்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம். அப்போது ஊரில் எது ஓடியது என்று நினைத்துப் பாருங்கள். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்த பழைய சைக்கிள்கள்தான். ரயர், ரியூப், ஒரு செயின் மாற்றி ஒரே நாளில் றோட்டுக்கு வந்தன. யுத்த காலத்தில் எண்ணெய் இல்லாதபோது நெல் மூட்டையும் விறகும் நோயாளியும் ஏற்றியவை அவற்றில் எத்தனையோ. அந்தச் சைக்கிள்கள் பாரம், கியர் இல்லை, பிறேக்கும் சுமார். ஆனால் எல்லாப் பாகமும் எல்லா ஊரிலும் கிடைத்தது.

இங்கே இருந்து வாங்குகிறவருக்கு

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் கரையோரம் தட்டையான நிலம். மணல், சேறு, கிரவல், வரம்பு. குடும்பிமலைப் பக்கமோ இங்கினியாகலைப் பக்கமோ போனால்தான் ஏற்றம். ஆகவே பின்னால் சஸ்பென்ஷன் வேண்டாம். அதன் மூட்டுகளில் எல்லாம் பெயரிங், எல்லாம் உப்புக்காற்றுக்குத் தீனி. முன்னால் சஸ்பென்ஷன் இருந்தால், அதையும் கவனிக்க வேண்டும். ரொக்‌ஷொக்ஸ் நிறுவனம் முன்ஃபோர்க்கின் கீழ்க்கால்களை 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்கிறது. செய்ய வசதியில்லை என்றால் சஸ்பென்ஷன் இல்லாத முன்ஃபோர்க்கும் தடித்த ரயரும் எங்கள் பாதைக்குத் தாராளம்.

பழைய மவுண்டன் பைக் ஒன்று விலைக்கு வந்தால், பளபளப்பைப் பார்க்குமுன் ரயரின் மூன்று இலக்கத்தைப் பாருங்கள். பொட்டம் பிராக்கெட்டில் புரி இருக்கிறதா என்று கேளுங்கள். பின்பற்சில்லு 8 அல்லது 9 என்றால் நல்லது. செயினும் மலிவு, அளவு கொஞ்சம் தவறினாலும் கியர் ஒழுங்காக மாறும். கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிறேக் என்றால் எண்ணெய்ப் பிரச்சினையே இல்லை. அச்சின் இடைவெளியை வேர்ணியரால் அளந்து எழுதி வையுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் அனுப்புவதாக இருந்தால், சாமான்களோடு சேர்த்து இரண்டு ஹாங்கரும் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். சொக்லேட்டை விட அது பெறுமதி.

ஹாங்கரை நீங்களே தேட வேண்டி வந்தால், கழற்றி ஒரு அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுங்கள். மொடல் பெயரை நம்பித் தேடாதீர்கள், துளைகளின் எண்ணிக்கையையும் அவற்றுக்கு இடையிலான தூரத்தையும் வைத்துத் தேடுங்கள். எனக்குக் கிடைத்தது அப்படித்தான். ஹாங்கர் மட்டுமே விற்கும் ஒரு வெளிநாட்டுக் கடைக்கு அந்த இரண்டு படத்தையும் அனுப்பினேன். துளைகளை ஒப்பிட்டுப் பார்த்து, வேறொரு மொடலின் பெயரில் இருந்த துண்டை அவர்கள் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். செயின் வெட்டும் சின்னக் கருவி ஒன்றையும் பையில் வைத்திருக்கிறேன். அது அன்று இருந்திருந்தால், செயினைக் குறுக்கி ஒரே கியரில் மெதுவாக மிதித்து வீடு வந்து சேர்ந்திருப்பேன் என்று ஐயா சொன்னார்.

இரண்டு ஹாங்கர் எடுப்பித்தேன். ஒன்றை ஐயா பூட்டித் தந்தார், கியர் நேராக நிற்கிறதா என்று மூன்று தரம் பார்த்து. மற்றதை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, இருக்கைக்குக் கீழே ரியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். அதன் மேல் அளவுகளை எழுதி ஒட்டியும் இருக்கிறேன்: சில்லு 584, பின் 148, முன் 110.